அசூச்சிக் கோட்டையின் படிக்கற்கள்

அரசர் தம் பெயரை நிலைநிறுத்தக் கருதி எழுப்பும் கட்டடங்களுள், கோட்டையைப்போல் விரைவிற் காலத்துக்கு இரையாவது பிறிதொன்றில்லை. கோயிலை வழிபடுவோர் காப்பர். ஏரியை உழுவோர் காப்பர். கோட்டையோ, பகைவன் வென்றால் அன்றே அழியும். பகையே இல்லையாயின் பயனின்றிப் பாழாகும். இங்ஙனம் பாழ்பட்ட கோட்டைகளை என் செய்வது? மீண்டும் எழுப்பிப் பழம்பொலிவைக் காட்டுவதா? அன்றிக் கிடந்தவாறே விட்டுக் காப்பதா? ஜப்பான் நாட்டு மலைக்கோட்டைகளுள் ஒன்றாகிய அசூச்சியைப்பற்றி இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. அக்கோட்டையின் வரலாற்றைப் படித்தபோது, இஃது அயல்நாட்டார் செய்தியன்றோ என்று ஒதுக்கிவிட எமக்கு இயலவில்லை. அதன் அடிவாரத்தில் எம்மை ஒத்த இளைஞர் பயின்ற கிறிஸ்தவப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் படிக்கட்டில் நம் சமயத்தார் நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய கற்கள் சில கிடக்கின்றன. யாம் அம்மலையை நேரிற் கண்டிலேம். கற்றதுகொண்டு எமக்குத் தோன்றியதை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

ஜப்பானின் மிகப் பெரிய ஏரி பீவா என்பது. அதன் கீழ்க்கரையில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 650 அடி உயரமுள்ளது அசூச்சி மலை. முற்காலத்தில் ஏரியின் கிளைநீர் அம்மலையை மும்மருங்கும் சூழ்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நீரைப் போக்கி வயலாக்கினமையால், இன்று நெல்வயல்களே அதனைச் சூழ்ந்துள்ளன. அதனை அடுத்து அதனினும் உயர்ந்த மற்றொரு மலையில் கன்னொன்ஜி என்னும் பழங்கோட்டை இருந்தது. ரொக்காகு குடியினர் அதிலிருந்து அந்நாட்டை நெடுங்காலம் ஆண்டனர். 1568-ஆம் ஆண்டு ஓடா நொபுநாகா என்னும் படைத்தலைவன் தலைநகராகிய கியோத்தோவை நோக்கிப் படையெடுத்து வந்தபோது, அவர்கள் பெரும்போர் இன்றியே அக்கோட்டையை விட்டு ஓடினர்.

நொபுநாகாவுக்கு முற்பட்ட மலைக்கோட்டைகளுட் பெரும்பாலன, மலையை வெட்டித் திருத்தி, அகழ் தோண்டி, மண்மேடும் மரவேலியும் அமைத்து, ஆபத்துக் காலத்தில் புகலடைவதற்காக ஆக்கப்பட்டவை. தலைவன் அமைதிக் காலத்தில் அடிவாரத்து மனையில் வாழ்வான். பகை வந்துழி மலையேறுவான். நொபுநாகா இம்முறையைத் தலைகீழாக்கினான். அவன் மலையுச்சியிலேயே குடியிருக்கக் கருதினான். ஒளிந்துகொள்வதற்கன்று, எல்லாரும் அண்ணாந்து காண்பதற்கே அவன் கோட்டை எடுத்தான். அசூச்சியின் புதுமையும் இதுவே. அதன் குற்றமும், எம் கருத்தில், இதுவே.

1576-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கிற்று. நிவா நகஹிதே என்பான் மேற்பார்வை ஏற்றான். ஒக்காபே மதாயெமோன் தச்சர்க்குத் தலைவனாயினான். அக்காலத்து ஓவியருள் முதல்வனாகிய கானோ எயிதோகு சுவர்களைத் தன் ஓவியங்களால் அணிசெய்தான். 1579-ஆம் ஆண்டு, ‘தென்ஷு’ எனப்படும் உயர்மாடத்தில் நொபுநாகா குடிபுகுந்தான். வெளியே ஐந்து கூரைகளும், கல்லாலாய நிலவறை உள்ளிட்டு ஏழு நிலைகளும் உடையதாய், நூறடிக்கு மேல் அம்மாடம் உயர்ந்து நின்றது. ஆறாம் நிலை எண்கோண வடிவினது. அதில் புத்தர் அறமுரைக்கும் காட்சியும் அவருடைய பத்து மாணாக்கரும் தீட்டப்பெற்றிருந்தனர். பொன்வேய்ந்த ஏழாம் நிலையில் சீனத்துப் பண்டை அரசரும் கன்பூசியரின் மாணாக்கரும் இடம்பெற்றனர். அவனுடைய பணியாளாயிருந்த ஓட்டா கியூயிச்சி எழுதிய வரலாற்றால் இவற்றை அறிகின்றோம். மலையடியில் ஊர் ஒன்றும் உண்டாயிற்று. 1577-ஆம் ஆண்டு அவ்வூர்க்குப் பதின்மூன்று விதிகள் கொண்ட ஆணை பிறந்தது. வணிகக் குழுக்களின் தனியுரிமையும் பல வரிகளும் அங்கே நீக்கப்பட்டன. வணிகர்க்கு அது நல்ல காலமே. நொபுநாகா கொடியன் என்று மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது.

ஆயினும், மாடத்தைக் கண்டு வியப்போர் அதனைச் சுமந்த தோள்களையும் எண்ணுதல் வேண்டும். ‘பாம்புக்கல்’ எனப் பெயரிய பெரும்பாறை ஒன்றை மலைமேல் ஏற்றினர். பதினாயிரம் பேர் மூன்று நாள் இரவும் பகலும் இழுத்தனர் என்று கியூயிச்சி பெருமையோடு எழுதுகின்றான். அக்காலத்து ஜப்பானில் இருந்த போர்த்துக்கேசியராகிய லூயிஸ் புரோயிஸ் பாதிரியார், அக்கல் ஒருமுறை நழுவி நூற்றைம்பது பேருக்கு மேற்பட்டோரை நசுக்கிக் கொன்றது என எழுதிவைத்தார். அந்த நூற்றைம்பதின்மரின் பெயரை எவரும் எழுதிற்றிலர். பன்முறை தேடியும் அக்கல் இன்னதெனத் தெளியப்படவில்லை.

இத்துணைப் பாடுபட்டு எடுத்த மாடம் எத்துணைக் காலம் நின்றது? மூன்றே ஆண்டுகள்! 1582-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் நாள், கியோத்தோவில் ஹொன்னோஜி என்னும் கோயிலில் தங்கியிருந்த நொபுநாகாவை, அவன் படைத்தலைவருள் ஒருவனாகிய அக்கெச்சி மித்சுஹிதே விடியற்காலையில் சூழ்ந்து தாக்கினான். நொபுநாகா அவ்விடத்தே உயிர்நீத்தான். இரண்டு கிழமைக்குள் அசூச்சி மாடம் எரிந்து சாம்பலாயிற்று. மித்சுஹிதேயின் ஆட்கள் தீயிட்டனர் என்பர் சிலர். நொபுநாகாவின் மகனே எரித்தான் என்பது புரோயிஸ் கூற்று. ஊரிற் பற்றிய தீ மேலே பரவிற்று என்பாரும் உளர். 1585-ஆம் ஆண்டு அருகே ஹச்சிமான் என்னும் புதுக்கோட்டை எழவே, ஊராரும் அங்குக் குடிபெயர்ந்தனர். மலையைக் காடு மூடிற்று.

எல்லாம் அழிந்தபின் எஞ்சியது யாது? நொபுநாகா கோட்டைக்குள்ளேயே சோக்கென்ஜி என்னும் புத்தக் கோயிலை அமைத்து, அதற்காக வேற்றூர்களிலிருந்து பழங்கட்டடங்களைப் பெயர்த்துக் கொணர்ந்தான். அவற்றுள் 1454-ஆம் ஆண்டிற் கட்டிய மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றும் வாயில் ஒன்றும் இன்றும் நிற்கின்றன. கோட்டைக்கு நூற்றிருபது ஆண்டு முற்பட்ட கோபுரம் கோட்டை அழிந்து நானூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நிற்கின்றது! உச்சியிலோ, உயர்மாடத்தின் கல்லடித்தளமும், தூண்கள் நின்ற கற்கள் வரிசை வரிசையாய்க் கிடப்பதும் அன்றி வேறில்லை. நடுவே ஒரு கல் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாய் உள்ளது. 1926-ஆம் ஆண்டு அரசாங்கம் அவ்விடத்தை வரலாற்றுச் சின்னமாகவும், 1952-ஆம் ஆண்டு சிறப்புச் சின்னமாகவும் அறிவித்துக் காத்துவருகின்றது.

1989-ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகள் ஷிகா மாநிலத்தார் அம்மலையை அகழ்ந்து ஆராய்ந்தனர். புதைந்திருந்த பெருவழி வெளிப்பட்டது. பகைவரைத் திகைப்பிக்க வளைந்து வளைந்து செல்லுவதே கோட்டை வழிகளின் இயல்பு. இதுவோ, இருபதடி அகலத்தில், ஏறத்தாழ அறுநூறடித் தொலைவு நேரே மேல்நோக்கிச் செல்லும் கற்படி வழி. அப்படிகளைத் தூய்மை செய்தபோது, சில கற்களிற் கண்ணும் மூக்கும் கைகளும் தெரிந்தன. அவை, இறந்தார் நற்கதியின் பொருட்டு எளிய மக்கள் செதுக்கி நட்ட சிறிய கற்புத்தர் உருவங்கள்! சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து கல்லோடு கல்லாய் வாரிக்கொணர்ந்து படியாக அடுக்கியுள்ளனர். மாடத்தின் ஆறாம் நிலையிலே பொன்னொளியிற் புத்தர். மலையின் படியிலே காலடியிற் புத்தர். ஓவியத்தில் இருந்தவர் எரிந்துபோயினர். மிதிபட்டவர் இன்றும் இருக்கின்றனர்.

கல் தட்டுப்பாட்டால் கிடைத்ததை இட்டனர், இகழ்ச்சி கருதியன்று என்று அறிஞர் சிலர் கூறுவர். ஏனைக் கோட்டைகளிலும் இவ்வழக்கம் உண்டாதலின் அஃது ஒருவாறு பொருந்துவதே. ஆயினும் ஈண்டு நினைக்கவேண்டுவன பிறவும் உள. 1571-ஆம் ஆண்டு ஹியேய் மலையின் புத்த மடங்களை எரித்து, துறவியரோடு மகளிரையும் சிறுவரையும் கொல்வித்தவன் இந்நொபுநாகா. 1574-ஆம் ஆண்டு நகஷிமாவில் புத்தசமயப் பிரிவு ஒன்றைச் சார்ந்த மக்கள் ஏறத்தாழ இருபதினாயிரவரை வேலிக்குள் அடைத்துத் தீயிட்டவனும் அவனே. கியோத்தோவில் 1569-ஆம் ஆண்டு அவன் எடுப்பித்த வேறொரு கோட்டைக்குக் கற்சிலைகளைக் கழுத்திற் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர் என்று புரோயிஸ் எழுதுகின்றார். இவ்வளவும் செய்தவனுக்கு அக்கல் வெறுங்கல்லே ஆயினும், அதனை நட்டு விளக்கேற்றிய தாய்க்கு அது வெறுங்கல் அன்று.

இனி, எம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். நொபுநாகா கிறிஸ்தவனல்லன், ஆயினும் புத்தத் துறவியரை அடக்கும் கருத்தால் சேசு சபைக் குருமாரை ஆதரித்தான். 1580-ஆம் ஆண்டளவில் அசூச்சி அடிவாரத்தில் அவர்கட்கு நிலம் அளித்தான். ஒர்கந்தீனோ பாதிரியார் அங்கே ஒரு குருமடப் பள்ளியை நிறுவினார். போர்வீரர் குடிச் சிறுவர் ஆங்கு ஜப்பானிய மொழியும் இலத்தீனும் மேனாட்டு இசையும் பயின்றனர். நொபுநாகா ஒருநாள் அங்கு வந்து அவர்தம் இசையைக் கேட்டு மகிழ்ந்தான். இத்தகைய ஆதரவைப் பெற்ற குருமார், அவன் வீரத்தையும் மாடத்தின் அழகையும் மனமாரப் புகழ்ந்தனர். சிலைகள் இழுக்கப்பட்டதையும் மடங்கள் எரிந்ததையும் நற்செய்தி பரவுதற்கு வழி திறந்ததாகவே கண்டனர், கலங்கினாரில்லை.

1581-ஆம் ஆண்டு வலிஞானோ பாதிரியார் அசூச்சிக்கு வந்தபோது, கோட்டையும் ஊரும் தீட்டிய மடிப்புத்திரை ஒன்றை நொபுநாகா அவருக்குப் பரிசளித்தான். 1582-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாகசாகியிற் கப்பலேறிய நான்கு ஜப்பானியச் சிறுவர், கொச்சியும் கோவாவும் வழியாக ஐரோப்பா சென்று, 1585-ஆம் ஆண்டு மார்ச்சில் ரோமாபுரியில் பதின்மூன்றாம் கிரெகோரி பாப்பரசரைக் கண்டு, அத்திரையைக் காணிக்கையாக்கினர். அவர் கையில் அப்படம் சேர்ந்தபோது, படத்திலிருந்த மாடம் சாம்பலாகி மூன்றாண்டு நிறையும் தறுவாயில் இருந்தது! அத்திரையும் பின்னர்க் காணாமற்போயிற்று. பலர் தேடியும் இதுகாறும் கிடைத்திலது.

அதன்பின் நிகழ்ந்ததை வரலாறு கற்றோர் அறிவர். 1587-ஆம் ஆண்டு ஹிதெயோஷி குருமாரை நாட்டைவிட்டு நீங்க ஆணையிட்டான். 1614-ஆம் ஆண்டு கிறிஸ்தவ சமயமே நாடெங்கும் தடைப்பட்டது. ரோமாபுரி சென்ற நால்வருள் ஒருவராகிய ஜூலியான் நக்காவுரா, 1633-ஆம் ஆண்டு நாகசாகியில் தலைகீழாய்க் குழியில் தொங்கவிடப்பெற்று மாண்டார். அக்காலத்திலேயே ‘ஃபுமி-எ’ என்னும் கொடிய வழக்கமும் தோன்றிற்று. அச்சொல்லுக்கு ‘மிதிக்கும் படம்’ என்பது பொருள். கிறிஸ்துநாதரின் உருவையோ கன்னிமரியாளின் உருவையோ தரையில் வைத்து, மக்களை வரிசையாக வரவழைத்து, அதன்மேற் கால்வைக்கச் செய்வர். கால் கூசி நின்றவர் கிறிஸ்தவர் எனப் பிடிபடுவர். இருநூறு ஆண்டுக்கு மேல் இது நடந்தது. அவ்வுருவங்களிற் சிலவற்றை இன்றும் காணலாம். எண்ணிறந்த கால்கள் பட்டுத் தேய்ந்து முகம் மழுங்கியிருக்கின்றன.

அசூச்சியின் படிகளில் உள்ள புத்தரின் முகமும் அவ்வாறே மழுங்கியிருக்கின்றது.

முன்னது பின்னதற்குத் தண்டனை என்று யாம் கூறவில்லை. மாண்ட ஜூலியானோ, கால் கூசிய ஏழை உழவனோ அசூச்சியிற் படி அமைத்தவர் அல்லர். யாம் கூறுவது ஒன்றே: பிறன் வணங்கும் உருவம் மிதிபடும்போது நமக்கு நோவு இல்லையாயின், நாம் வணங்கும் உருவம் மிதிபடும்போது நாம் படும் நோவை அறம் என்று சொல்லிக்கொள்ள உரிமை உடையேம் அல்லேம். அஃது அறத்தின்பாற் பட்டதன்று, பற்றின்பாற் பட்டது. சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் ஆக்கிய நூல்களை நாள்தோறும் ஓதித் தமிழ் பயிலும் கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு, இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நம்மை ஆதரிப்பவன் பிறரை வருத்துவானாயின் வாய்மூடி இருப்பதா என்னும் வினா, எந்நாட்டிலும் எக்காலத்திலும் எச்சமயத்தார்க்கும் வருவதே.

நிற்க. உயர்மாடத்தை மீண்டும் எழுப்பலாமா என்ற வினாவுக்கு விடை கூறுவோம். எழுப்பவேண்டும் என்போர் கூறுவதிலும் நியாயம் உண்டு. வெறுங்கற்களைப் பார்த்துப் பழமையை மனத்தில் எழுப்பிக்கொள்ளும் ஆற்றல் எல்லார்க்கும் இல்லை. சிறுவர்க்குக் கண்முன் ஒன்று வேண்டும். காண வருவோராற் சிற்றூர் பிழைக்கும். ஒசாக்காவின் மாடத்தை 1931-ஆம் ஆண்டு காங்கிரீட்டால் எழுப்பினர். இன்றும் திரள்திரளாய் மக்கள் சென்று காண்கின்றனரன்றோ? என்பது அவர் வாதம்.

ஆயினும் ஒசாக்காவே எமக்கும் சான்றாகின்றது. அங்கே கல்லடித்தளம் தொக்குகாவா மரபினர் இட்டது. அதன்மேல் எழுந்த மாடமோ அவர்க்கு முற்பட்ட ஹிதெயோஷியின் மாடத்தைப் படம் பார்த்து வடித்தது. இரு காலத்தும் இல்லாத ஒன்று மூன்றாங்காலத்தில் உண்டாயிற்று. அசூச்சியின் நிலை இன்னும் அரிது. மாடத்தின் வெளித்தோற்றத்தைக் காட்டும் திரை மறைந்தது. உட்புறம் அடித்தளத்திலிருந்து நடுவே திறந்த வெளியாய் இருந்ததா, நிலைதோறும் தளமிட்டிருந்ததா என்பதிலேயே வல்லுநர் மாறுபடுகின்றனர். இந்நிலையில் எழுப்புவது நொபுநாகாவின் மாடமாகாது. நம் காலத்தார் கனவாகும். அக்கனவின் பாரத்தைத் தாங்க, எஞ்சியுள்ள உண்மைக் கற்களைக் குலைக்கவும் நேரும். மேல்நிலைகள் எவ்வாறிருந்திருக்கும் என்று காண விழைவோர்க்கு, 1992-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் செவில் பொருட்காட்சிக்காக ஆறாம் ஏழாம் நிலைகளைச் செய்து, பின்னர் மலையடியிலே ஒரு காட்சிச்சாலையில் வைத்துள்ளனர். அது போதும். ஊகத்துக்கு உரிய இடம் காட்சிச்சாலை. உண்மைக்கு உரிய இடம் மலையுச்சி.

எழுப்பலாகாது என்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. மாடம் மீண்டும் எழுமாயின், ஏறுவோர் கண்ணெல்லாம் பொன்னொளியை நாடி மேலே செல்லும். காலடியிற் கிடப்பவரைக் காணா. நொபுநாகா விரும்பியதும் அதுவே. இன்று மேலே காண்பதற்கு மாடம் இன்மையாலேயே, ஏறுவோர் கீழே பார்க்கின்றனர். ‘இது கற்புத்தர்’ என்னும் சிறு பலகையைக் கண்டு நிற்கின்றனர். சிலர் காசொன்று வைத்துக் கைகூப்பிச் செல்கின்றனர். கோட்டை ஓங்கி நின்றபோது பெறாத வணக்கத்தை, அது பாழான பின்னரே அவ்வுருவங்கள் பெற்றன.

அங்ஙனமாயின் அவ்வுருவங்களைப் பெயர்த்துக் கோயிலில் வைக்கலாகாதா என்று அருள்நெஞ்சினர் வினவலாம். அவ்வேண்டுகோளை எளிதில் மறுக்க எமக்கு நா எழவில்லை. அவற்றுக்கு உரிமையுடைய பௌத்தர் அவ்வாறு துணிவராயின் தடுக்க நாம் யார்? ஆயினும் எம் கருத்தைக் கேட்பின், அவை அங்கேயே இருத்தல் நன்று என்போம். மிதிபடாமல், மறைபடாமல், கிடந்த இடத்திலேயே. கோயிலுக்குள் அவை பல புத்தருட் சில புத்தர். படிக்கட்டிலோ அவை சான்று கூறுகின்றன. சான்றை அகற்றினால் குற்றம் அகலாது. அதன் நினைவே அகலும்.

தோழர்காள்! அசூச்சி அடிவாரத்துப் பள்ளியில் இலத்தீன் பயின்ற சிறுவர் நம் வயதினர், அல்லது நம்மினும் இளையர். அவர்கள் நாள்தோறும் அண்ணாந்து அம்மாடத்தைக் கண்டிருப்பர். அதன் நிழலிற் கற்பதைப் பேறாகவே எண்ணியிருப்பர். அவர்களை யாம் குறைகூறவில்லை. நிழல் தருவது மரமா மதிலா என்று பார்க்கும் முதிர்ச்சி அவ்வயதில் எளிதில் வருவதன்று. ஆனால் அவர்க்கு மாடம் நின்றது. நமக்குப் பாழ் நிற்கின்றது. அவர் காணமுடியாத படிக்கற்களை நாம் காண்கின்றோம். கண்டபின்னும் அவர் புகழ்ந்ததையே நாம் புகழ்வோமாயின், கற்ற வரலாற்றால் நமக்கு ஆய பயன் யாது?

2023-ஆம் ஆண்டு முதல் அம்மலையில் மீண்டும் அகழாய்வு தொடங்கியுள்ளது. பாம்புக்கல் அகப்படுமோ, அகப்படாதோ, அறியோம். இன்னும் சில கல்முகங்கள் மண்ணிலிருந்து வெளிப்படினும் வெளிப்படலாம். வெளிப்படுமாயின், அவற்றின்மேற் கால்படாமல் விலகிச் செல்லும் வழியையே அகழ்வோர் முதலில் அமைப்பர் என்று நம்புகின்றோம். அதற்குமேல் ஒரு மாடம் அம்மலைக்கு வேண்டுவதில்லை.